கயிறு பிடிக்கிறவனுக்குச் சிலுவை இல்லை

எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்கப் போகிறவர் தன் உயிரைக் கூடப்பிறந்தவனிடம் ஒப்படைக்க மாட்டார். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம்தான் ஒப்படைப்பார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கல்லோடு கடலுக்குள் இறங்கும்போது, அந்தக் கயிற்றின் மறுநுனி வள்ளத்தில் மச்சானுடைய கையில் இருக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் மனத்தாங்கல் வரலாம். மச்சான் கதை வேறு. அவன் கயிற்றை விட்டால் தாலியறுப்பது அவனுடைய அக்காளோ தங்கையோதான். அந்த ஒரு பயம் போதும் என்று எங்கள் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் இழுப்பான். அதற்கு மேல் அந்தத் தொழிலில் பேச்சு கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஊரில் உச்சிநேரத்துக்கு மாதா கோயில் மணி அடித்தால் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று திரிகால செபம் சொல்வார்கள். கடலில் மணி கேட்காது. பொழுது தலைக்கு மேல் வந்ததும் வள்ளத்துக்குத் தலைவரான தண்டல் தலைத்துண்டை அவிழ்ப்பார். மற்றவர்களும் அவிழ்த்து, சிலுவை போட்டு, சேர்ந்து செபம் சொல்வார்கள். கயிறு பிடிக்கிறவன் மட்டும் உதட்டை அசைத்தால் போதும். சிலுவை போட வலது கை வேண்டும், வலது கையில்தான் கயிறு இருக்கிறது. இடது கையால் சிலுவை போடுவதை எங்கள் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைகூடச் செய்யாது. அதனால் கீழே ஆள் இருக்கும்வரை கயிறு பிடிக்கிறவனுக்குச் சிலுவை இல்லை. இதை எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. கடலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும்.

என் தம்பிக்கும் தெரியும். ஆனால் அவன் கை மறந்துவிட்டது.

அவன் சாமியாராகப் போக வேண்டும் என்று குருமடத்தில் சில வருஷம் படித்துவிட்டு, உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தவன். வந்த பிறகும் முழங்காலில் நிற்கிற பழக்கம் போகவில்லை. தண்ணீர் குடிக்கும் முன் சிலுவை, தெருமுனை தாண்டும் முன் சிலுவை. என் வீட்டுக்காரருக்கு அவனைக் கேலி பண்ணாமல் சோறு இறங்காது. அவருக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த என் அண்ணன் கொழும்புத் தோணியில் வேலைக்குப் போனதும், அந்த இடத்துக்கு இவன்தான் மிஞ்சினான். நான் யோசித்தேன். அவர் சிரித்தார்.

"ஏளா, ஊர்ல எல்லாவனுக்கும் மச்சான் கயிறு பிடிக்கான். எனக்குப் பாதி சாமியாரே பிடிக்காரு. இனி எனக்கு என்ன பயம்?"

புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டும் லாரிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வீட்டுப் பாத்திரங்களெல்லாம் அந்த லாரிகளுக்கு நடுங்கும். அன்றைக்கும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. உச்சி சாய்ந்து நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தண்டல் வாசலில் வந்து நின்றார். வள்ளங்கள் கரை திரும்புகிற நேரம் இல்லை அது. அவர் தலையில் துண்டு இல்லை, கையில் இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன். "உச்சிநேரச் செபம் சொல்ல ஆரம்பிச்சோம் தாயி. ஒன் தம்பியும் தலைத்துண்டை அவுத்தான். கயித்தை விட்டுட்டுச் சிலுவை போட்டான். நான் பாத்துட்டு சத்தம் போடுததுக்குள்ள கயிறு ஓடிட்டு. பிறவு குதிச்சுக் கயித்தைத் தேடிப் பிடிச்சு எல்லாருமாத்தான் இழுத்தோம்." அவ்வளவுதான். யாரும் குடித்திருக்கவில்லை, யாரும் தூங்கவில்லை, யாருக்கும் யாரோடும் பகை இல்லை. என் தம்பி சிலுவை போட்ட நேரத்தில் என் வீட்டுக்காரர் கீழே கயிற்றைச் சுண்டியிருக்கிறார்.

கரையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் ரத்தம் உறைந்திருந்தது. இடுப்புப் பையில் அவர் கடைசியாக எடுத்த சங்குகள் இருந்தன. ஒரு சங்கின் வாயில் சதை மெல்ல நீண்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்கு உயிர் இருந்தது. நான் அந்தச் சங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கச் சொல்லி யாரோ என் தலையைத் திருப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில், நெஞ்சு முன்பே நின்றிருக்கலாம், உடனே இழுத்திருந்தாலும் பிழைத்திருப்பாரோ என்னவோ என்றார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்களா, உண்மையைச் சொன்னார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. கையில் கிடைத்தவன் என் தம்பி.

அவனை மட்டும் கோபித்தேன் என்று சொன்னால் அது பாதிதான். குடித்துவிட்டுக் கயிற்றை விட்டிருந்தால் ஊரைக் கூட்டி மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அவன் செபம் சொல்லி அல்லவா விட்டான்! யாரைப் போய்த் திட்டுவது? "உம்மைக் கும்பிடத்தானே அவன் கையை எடுத்தான், அந்த ஒரு நிமிஷம் நீர் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கக் கூடாதா?" என்று வீட்டில் மாட்டியிருந்த சேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்துக் கேட்டேன். படம் எப்போதும்போல நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு நான் சிலுவை போடவில்லை. பூசைக்குப் போவேன், பிள்ளைக்காக. மற்றவர்கள் நெற்றியைத் தொடும்போது நான் முந்தானையைச் சரிசெய்வேன்.

மகளுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. பிழைப்பு வேண்டுமே. கன்னியர் மடத்துத் தையல் அறையில் வேலை கிடைத்தது. நீளமான அறை, ஜன்னலோரமாகத் தையல் மிஷின்கள், முன்னால் மேற்பார்வைக்கு மடத்துத் தலைவியான மதர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை, கோயில் பீடத்து விரிப்பு, பூசையில் முதல் தடவையாக நன்மை அப்பம், அதாவது புதுநன்மை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், எல்லாம் அங்கே தைப்போம். மத்தியானம் கோயில் மணி அடித்ததும் எல்லா மிஷின்களும் நிற்கும். என்னுடையது மட்டும் ஓடும். முதல் நாள் தெரியாமல் ஓட்டுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தொட்டாள். நான் இன்னும் வேகமாக மிதித்தேன். மதர் சில நாள் என்னைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். இத்தனை பேர் செபத்துக்கு நடுவே என் மிஷின் கடகடவென்று ஓடுவதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆண்டவருக்குக் கேட்கட்டும் என்றுதான் மிதித்தேன்.

தம்பி அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றான். உப்பு வெயிலில் கறுத்து, பாதி ஆளாகியிருந்தான். ஆனால் முகத்தில் ஏதோ தெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும் வாசலை மறித்து நின்றேன்.

"அக்கா," என்றான். "சாமியார்கிட்ட என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாரேன். இத்தனை நாளா எனக்குத் தைரியம் வரல. இன்னைக்குப் பண்ணிட்டேன். சாமி பாவப்பொறுத்தல் தந்துட்டாரு. நெஞ்சு லேசா இருக்குக்கா. அதான் ஒங்ககிட்ட சொல்லணும்னு…"

"யாரைக் கேட்டுலே லேசாச்சு?"

படியேற வைத்த காலை அவன் கீழே இறக்கினான்.

"ஏலே, செத்தது என் புருசன். நிக்கது என் பிள்ளை. சாமி மன்னிச்சிட்டாராம், இவனுக்கு லேசாயிட்டாம்! ஒன் பாரம் எங்கன போச்சு தெரியுமாலே? இங்கன வந்து இருக்கு. பாரு, ரெண்டாளு பாரத்தை நான் சுமக்கேன். போ. போயி நல்லாத் தூங்கு."

கதவைச் சாத்தினேன். உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவன் அழுதுகொண்டு வந்திருந்தால் ஒருவேளை நானும் அழுதிருப்பேன். அவன் சமாதானமாக வந்தான். என்னிடம் இல்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் வாசலிலேயே நின்று காட்டினான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு குடம் நல்ல தண்ணீர் நிற்கிறது. எங்கள் ஊரில் தண்ணீருக்கு எவ்வளவு பாடு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தெருக்குழாயில் சொட்டுகிற தண்ணீருக்கு விடியும் முன்பே வரிசை நிற்கும், அந்த வரிசையில் குடுமிப்பிடி நடக்கும். அவன் எழுந்து வந்து வரிசையில் நின்று பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். முதல் நாள் அதை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். எதிர்வீட்டுக்காரி, "ஏளா, தம்பி மேல கோவம்னா எனக்காவது தரக்கூடாதா?" என்று அடித்துக்கொண்டாள். அடுத்த நாளும் குடம் நின்றது, அதற்கடுத்த நாளும் நின்றது. தண்ணீரைக் கொட்ட எனக்கே மனசு வரவில்லை. துணி துவைக்க வைத்துக்கொண்டேன். குடிக்க மட்டும் மாட்டேன். குடிக்கிற தண்ணீருக்கு நானே வரிசையில் போய் நிற்பேன். இப்படி ஒரு வீம்பு. வருஷக்கணக்கில் நடத்தினேன்.

சாமியாரிடமும் சண்டைக்குப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம், சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவங்களைக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் கிழவிகள் வரிசையாக நின்றார்கள். என் முறை வந்ததும் முழங்காலில் இருந்து கம்பியழி வழியாகக் கேட்டேன்.

"சாமி, என் வீட்டுக்காரர் செத்ததுக்கு மன்னிப்புக் குடுக்க ஒங்களுக்கு யாரு உரிமை தந்தது?"

"நீங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதம்மா," என்றார். அவர் வெளியூர்க்காரர், நிதானமாகப் பேசுகிறவர். ஊருக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குச் சட்டம். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அது கள்ளத்தனமாகப் பட்டது. அவர்கள் இரண்டு பேரும் ஆண்டவரும் சேர்ந்து ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு என்னை மட்டும் வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

"உங்கள் பாவம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்," என்றார்.

"எனக்கு ஒரு பாவமும் இல்ல சாமி. துணி தைக்கேன், பிள்ளைய வளக்கேன். அவ்வளவுதான்."

எழுந்து வந்துவிட்டேன். வரிசையில் நின்ற கிழவிகள், இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே, நல்ல பெண்பிள்ளை என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

மகளுக்குப் புதுநன்மை வாங்குகிற வயது வந்தது. துறைமுகமும் அதற்குள் திறந்துவிட்டது. கல் லாரிகள் போய் வேறு லாரிகள் வந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் உபதேசியார் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து செபங்களைப் பாடம் பண்ணவைத்தார். மகள் வீட்டுக்கு வந்து எனக்கு ஒப்பிப்பாள். கர்த்தர் கற்பித்த செபத்தில், நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிற இடம் வந்ததும் நான் அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவேன். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் அவள் அந்த இடத்தில் நிறுத்தி, "அடுப்பு அணைஞ்சுதான் கெடக்கும்மா," என்றாள்.

அவள் கேட்ட இன்னொன்றுதான் என்னைப் படுத்தியது. புதுநன்மையன்று பிள்ளை நன்மை வாங்கும்போது தாயும் தகப்பனும் இரண்டு பக்கத்தில் முழங்காலில் இருந்து தாங்களும் வாங்குவது எங்கள் கோயில் வழக்கம். "அப்பா பக்கம் காலியா இருக்கும். நீங்களாவது வருவியல்லா?" என்றாள்.

நன்மை வாங்க வேண்டுமானால் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும். பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டுமானால், தம்பியை மன்னிக்க வேண்டும். இல்லாத மனசை இருப்பதுபோலச் சொல்லிக்கொண்டு பீடத்துக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. ஆண்டவரோடு கோபமாக இருந்தேனே தவிர அவரை ஏமாற்றத் துணிவில்லை. "பாப்போம்," என்றேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை. அவள் மறுபடி கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

தாய்மாமன்தான் கவுன் எடுத்துக் கொடுக்க வேண்டும், கிரீடம் வைத்துவிட வேண்டும், கையைப் பிடித்துக் கோயில் வாசல்வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். கொழும்புக்குப் போன அண்ணன் அங்கேயே குடியிருந்துவிட்டான். உபதேசியார் கேட்டபோது, மாமன் இல்லை என்று சொன்னேன். அவருக்கு என் தம்பியைத் தெரியும். அந்த இடத்தைக் காலியாகவே விட்டு நோட்டை மூடினார். கவுனை நானே தைத்தேன். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தைத்த கைக்கு அது என்ன பெரிய காரியம்? ஆனால் அந்த ஒரு கவுனில் தையல் கோணிக்கோணிப் போயிற்று. பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் மற்றப் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு நடுவில் முழங்காலில் இருந்தார்கள். என் மகளுக்கு இரண்டு பக்கமும் காலி. நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தியை நேராகப் பிடித்துக்கொண்டு, நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவளுடைய சின்ன முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு தனியாக நான் அவளை நிறுத்திவைத்திருந்தேன். அப்போதும் என் மனசு இளகவில்லை. எல்லாம் அவனால் வந்தது என்றுதான் நினைத்தேன்.

பூசை முடிந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விருந்து வைத்து, போட்டோ பிடித்து முடிய வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கோயில் வாசலில் கூட்டம் கலையாமல் நின்றது. எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் தம்பி நின்றான். வெளுத்த சட்டை போட்டிருந்தான். உள்ளே வரவில்லை. நான் பார்த்தும் பார்க்காததுபோல நின்றேன். விடியற்காலையில் குடம் வைக்க வருகிறவனை மகளுக்குத் தெரியும், அவள் பார்த்துவிட்டாள். "மாமா!" என்று கத்திக்கொண்டு கவுனைத் தூக்கிப் பிடித்தபடி ரோட்டைத் தாண்டி ஓடினாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவளை ஒட்டிப் போனது. என் உயிர் என்னிடம் இல்லை.

அவன் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு அவளை வாரிப் பிடித்தான். பிறகு அவளுடைய கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைத் தாண்டி என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தான். வாசல் படிக்குக் கிட்டே வரும்போது மணி அடித்தது.

கூட்டம் அப்படியே நின்றது. ஆண்கள் துண்டை எடுத்தார்கள். எல்லாருடைய கையும் நெற்றிக்குப் போயிற்று. நான் வழக்கம்போல முந்தானையைத் தேடினேன். அப்போதுதான் மகளின் குரல் கேட்டது.

"மாமா, கையை விடுங்க. சிலுவை போடணும்."

அவன் விடவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவன் தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது. பிள்ளையின் கையைப் பிடித்திருந்த அவன் வலது கையில் நரம்பெல்லாம் புடைத்திருந்தது. நெற்றியில் வியர்வை வழிந்தது.

"விடுங்க மாமா. வலிக்கி."

அவனுக்குக் கேட்கவே இல்லை. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், அன்றைக்கு வள்ளத்தில் இருந்த அதே தண்டல்தான், என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அன்னையில இருந்தே அப்படித்தான் தாயி. மணி அடிச்சா கையில எது இருக்கோ அதை இறுக்கிப் பிடிச்சிக்கிடுதான். உப்பளத்துல மம்பட்டியோட நிப்பான். சிலுவை போட்டு நான் பாக்கவே இல்ல. அவனுக்கே தெரியாது போல."

நான் சிலுவை போடாத அத்தனை வருஷமும் அவனும் போடவில்லை. நான் கோபத்தால் போடவில்லை. அவன் கயிற்றை விடக் கூடாது என்று போடவில்லை. நெஞ்சு லேசாகிவிட்டது என்று அவன் என் வாசலில் வந்து சொன்னது பொய் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆண்டவர் மன்னித்ததை அவன் மனசு கேட்டுக்கொண்டது. அவன் கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான், வேறு யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே முதுகில் ஒன்று போட்டுச் சொல்லியிருப்பார்.

போய் அவன் கைமேல் என் கையை வைத்தேன். உப்பில் வெடித்து, மரம்போல இருந்தது. பிள்ளையின் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"விடுலே," என்றேன். "நான் பிடிச்சிருக்கேன். நீ போடு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. விரல் விரலாகத்தான் விட்டான். மணி அதற்குள் ஓய்ந்துவிட்டது. கூட்டம் பேச ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவன் கையைத் தூக்கி நெற்றியில் வைத்தான், அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான், பிறகு நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டுபோனான். நான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவன் முடிக்கிற வரைக்கும் விடவில்லை.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் எங்களோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். போகும்போது, "தண்ணி இனி குடிக்கவும் எடுத்துக்கிடுதேன்," என்று மட்டும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

அடுத்த சனிக்கிழமை தொட்டிக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தேன். "போன தடவை ஒரு பாவமும் இல்லன்னு சொன்னேன் சாமி," என்று ஆரம்பித்தேன். அவருக்கு என் குரல் ஞாபகம் இருந்ததோ இல்லையோ, காட்டிக்கொள்ளவில்லை. வெகு நேரம் பேசினேன். தம்பியைச் சொன்னேன், ஆண்டவரைத் திட்டியதைச் சொன்னேன், மிஷினைச் சொன்னேன். அவர் பாவப்பொறுத்தல் கொடுத்தார். அபராதமாகச் சின்னச் செபம் ஒன்றைச் சொன்னார். வெளியே வந்து காற்றில் நின்றேன். தம்பி சொன்னானே, அந்த லேசு எனக்கு வரவில்லை. மறுநாள் மகளோடு முழங்காலில் இருந்து நன்மை வாங்கினேன். அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதும் உள்ளே கனமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கிடைத்தாலும் எனக்கு ஒட்டாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தையல் அறையில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மணி அடித்தது. எல்லா மிஷின்களும் நின்றன. என் காலும் நின்றது.

அத்தனை வருஷத்தில் அந்த அறையின் அமைதியை நான் கேட்டதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே காக்கை கரைந்தது. துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. அதற்குப் பின்னால் வேறொன்றும் இல்லை. நான் மிதித்து மிதித்து மறைத்து வைத்திருந்தது அதுதான். என் வீட்டுக்காரர் செத்துப்போனார், இனி வர மாட்டார். யார் மேலும் கோபப்படாமல் அதை நினைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கை தானாக நெற்றிக்குப் போயிற்று. சிலுவை போட்டுக்கொண்டு, அவர் செத்த அன்று அழ வேண்டிய அழுகையை அழுதேன். மற்றவர்கள் செபம் முடித்தும் மிஷினை ஓட்டவில்லை. மதர் அவர்களைக் கையமர்த்தி, நான் அழுது முடிக்கிற வரைக்கும் எல்லாரையும் சும்மா இருக்கவைத்தார்.